கோடையில் வாங்கிய பாதை

எங்கள் பக்கம் ஏறுவதற்கென்று ஒன்றும் கிடையாது. நீடாமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கி எந்தத் திசையில் பார்த்தாலும் வயல், வரப்பு, வாய்க்கால், மறுபடியும் வயல்தான். கோயில் கோபுரம், தென்னை மரம், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி, இவை மூன்றையும் விட்டால் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத ஊர். கோயிலுக்குள் எங்கள் தெருக்காரர்களை வெகு காலம் விட்டதில்லை. தென்னை மரம் எங்களுடையது இல்லை. அந்த ஊரில் வளர்ந்த நானும் என் அண்ணியும் பாறை ஏறினோம் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அண்ணி என்று சொல்கிறேனே தவிர, அவள் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டதால் அண்ணி ஆனாள். நாலு பேர் எதிரில் "அண்ணி, வாங்க" என்பேன். ஆள் இல்லாத இடத்தில் பழையபடி "வாடி, போடி"தான். அவள் படித்து அரசு மருத்துவமனையில் நர்ஸ் ஆனாள், நான் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர் ஆனேன். எங்கள் தெருவில் எங்களுக்கு முந்தைய தலைமுறைப் பெண்கள் எல்லோரும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள்.

ஒரு வருடம் விளையாட்டு டீச்சர்களையெல்லாம் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பாறைக் குன்றுக்குப் பயிற்சி முகாம் என்று அழைத்துப் போனார்கள். முதலுதவிக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்றார்கள். நான்தான் அண்ணியை இழுத்துக்கொண்டு போனேன். பஞ்சும் டிஞ்சருமாக மரத்தடியில் உட்கார வந்தவள், மறுநாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாறையில் ஏறினாள். எங்கள் எல்லோரையும்விட லாவகமாக ஏறினாள். பயிற்சி கொடுக்க வந்தவர் அசந்துபோய், "எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"கத்துக்கலாம் இல்ல சார். கீழ பாக்காம ஏறுனேன், அவ்வளவுதான்" என்றாள்.

அந்த முகாமில்தான் ராத்தா பழக்கமானார். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே கடலோர ஊர் ஒன்றில் அவரும் விளையாட்டு டீச்சர். எங்களைவிட மூத்தவர், அதனால் அக்கா என்பதற்கு அவர் ஊர் வழக்கப்படி ராத்தா என்றே கூப்பிட ஆரம்பித்தோம். அவருடைய கணவர் துபாயில் இருந்தார். அந்த ஊர்ப் பெண்கள் துபாயிலிருந்து சென்ட்டும் தைலமும் கேட்பார்கள். ராத்தா பாறை ஏறும் கயிறு கேட்டார். அந்த மனுஷன் பயந்துபோய் போன் போட்டு, "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று விசாரித்தாராம். பிறகு விஷயம் புரிந்து, அடுத்த தடவை வரும்போது பெரிய நீலக் கயிறு ஒன்றும் இரும்பு வளையங்களும் கொண்டுவந்தார். எங்கள் மூவருக்கும் சேர்த்து அந்த ஒரு கயிறுதான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றுக்குப் போவோம். விடியற்காலையில் எழுந்து சோறு வடித்து, குழம்பு வைத்து, மாமியார் முகத்தைப் பார்க்காமல் தப்பித்து பஸ் ஏற வேண்டும். என்னைக் கட்டிக்கொடுத்ததும் அதே தெருவில்தான்; என் மாமியார், "புள்ளையப் பெத்தவளுக்கு மலையில என்னடி வேலை?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார். நான் என் பையனையும் இழுத்துக்கொண்டு போவேன். அண்ணிக்கு அப்போது கைக்குழந்தை, பெண். என் அண்ணனும் கூட வருவார். குன்றின் அடியில் ஒரு வேப்பமரம் உண்டு. அதில் புடவையால் தூளி கட்டி, குழந்தையைப் போட்டு ஆட்டிக்கொண்டு, அவர் பாட்டுக்கு வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். குழந்தை அழுதால் பாதிப் பாறையில் அண்ணிக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிடும். "இறங்கவா, ஏறவா?" என்று மேலிருந்து கத்துவாள். "நீ ஏறு, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன் கீழிருந்து கத்துவார். பிறகு குழந்தைக்கு விரலைக் கொடுத்து ஏமாற்றப் பார்ப்பார். அது ஏமாறாது.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. முதலில் ஏறுகிறவள் மேலே போய், கயிற்றை மரத்திலோ பாறையிலோ கட்டி, இடுப்பில் சுற்றி உட்கார்ந்துகொள்வாள். அடுத்தவள் கீழே கயிற்றின் இன்னொரு முனையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். மேலே இருப்பவள், "புடிச்சிருக்கேன், வா" என்று சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்காமல் கீழே இருப்பவள் பாறையில் கை வைக்கக் கூடாது. அந்தச் சொல் கேட்டுவிட்டால் பயம் போய்விடும். வழுக்கினாலும் உயிர் அவள் கையில் பத்திரமாக இருக்கிறது என்று தெரியும்.

அண்ணி எப்போதும் முதலில் ஏறுவாள். எங்களை மேலே ஏற்றிவிட்டு, ஒவ்வொரு தடவையும் அண்ணனைக் கூப்பிடுவாள். "நீங்களும் ஒரு தடவை ஏறிப் பாருங்களேன். நான் புடிச்சிக்கிறேன்."

"இன்னிக்கி வேணாம். புள்ள இப்பதான் தூங்குது."

அடுத்த மாதம், "இன்னிக்கி வேணாம், கால்ல முள்ளு ஏறிடுச்சு." அதற்கடுத்த மாதம் வேறொன்று. பயம்தான். எட்டு முழ வேட்டி கட்டிய மிராசுதார்கள் இரண்டு பேரை ஒற்றை ஆளாக எதிர்த்து நின்றவர், பாறை என்றால் பல்லைக் காட்டுவார். அண்ணியும் விடமாட்டாள், அவரும் அசையமாட்டார். எங்களுக்கு அது ஒரு தமாஷ்.

இனி பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் செத்தவர்களைக் கொண்டுபோகப் பாதை இல்லை. சுடுகாடு பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு திடலில் இருக்கிறது. தெருவுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் மற்றவர்களின் வயல். விளைந்த பயிருக்கு நடுவே பாடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு தகராறு. பயிர் மிதிபட்டது என்று வயல்காரர் கத்துவார், எங்கள் ஆட்கள் கத்துவார்கள், பிணம் வரப்பில் காத்திருக்கும். மழைக்காலத்தில் வாய்க்கால் நிரம்பிவிட்டால் ஊர்த் தெரு வழியாகத் தார் ரோட்டில் போய் மதகுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அதற்கு ஊர்த் தெருக்காரர்கள் விடமாட்டார்கள். தாசில்தார் வந்து, போலீஸ் வந்து, அவர்கள் காவலோடு பிணம் போகும். செத்த பிறகும் எங்களுக்கு போலீஸ் வேண்டியிருந்தது.

அப்பா காலத்தில் கூலி நெல்லுக்காக அடிதடி நடந்தது, பலர் ஜெயிலுக்குப் போனார்கள். பிறகு கூலி உயர்ந்தது, குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது, எங்களைப் போன்றவர்கள் படித்து வேலைக்கு வந்தோம். அதையெல்லாம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெரு முனையில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஆட்சி மாறும்போதெல்லாம் ஒரு கம்பத்துக்குப் புது பெயின்ட் வரும். ஓட்டுக் கேட்டு வந்த அத்தனை பேரும் பாதை போட்டுத் தருகிறோம் என்றார்கள். வீட்டுக்கு வீடு டிவிகூட வந்துவிட்டது, பாதை வரவில்லை.

"யாரையும் கேக்க வேணாம். நாமளே வாங்கிடுவோம்" என்று சொன்னவள் அண்ணிதான். தஞ்சாவூருக்குக் குடிபோகிற வயல்காரர் ஒருவர், வரப்பை ஒட்டி ஒரு துண்டு நிலத்தைக் கிரயம் செய்து தரச் சம்மதித்திருந்தார். பாடையை இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்கிப் போகிற அகலம்.

பணத்துக்குப் பெண்கள்தான் வழி செய்தோம். தெருவில் வீட்டுக்கு ஒரு கலயம் வைத்தோம். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட வேண்டும், பிடி அரிசி. சனிக்கிழமைகளில் நானும் அண்ணியும் வீடு வீடாகப் போய்ச் சேர்த்து இட்லிக் கடைக்கு விற்போம். இல்லாத வீட்டிலும் கலயத்தில் அரிசி இருந்தது. அதைக் கையில் வாங்கும்போது எனக்குக் கோபம்தான் வரும். பிணம் போக வழி கேட்டுப் பசியோடு அரிசி எடுத்து வைக்கிற தெரு உலகத்தில் வேறெங்கே இருக்கும்?

பிடி அரிசி மட்டும் போதவில்லை. அப்போது ராத்தா ஒரு யோசனை சொன்னார். குன்றில் நாங்கள் ஏறுவதை ஒரு நிகழ்ச்சியாக வைத்து ஆட்களை அழைப்போம், அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்வோம் என்று. நோட்டீஸ் அடித்தோம். அச்சுக்கடைக்காரர், "எந்தத் தலைவர் படம் போடணும்?" என்று கேட்டார். அண்ணி, "எங்க மூணு பேரு படத்தைப் போடுங்க" என்றாள். அவருக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் போட்டார். அன்றைக்கு இரண்டு வேன் நிறைய எங்கள் தெருப் பெண்கள் வந்தார்கள், ராத்தா ஊரிலிருந்து ஒரு வேன் வந்தது. எங்கள் பள்ளி டீச்சர்களும் அண்ணியோடு வேலை பார்ப்பவர்களும் வந்தார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, ராத்தா ஊர் இனிப்பான வட்டலப்பம். சுடிதாருக்கு மேல் அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணி ஏறினாள். உச்சியில் அவள் நின்றபோது கீழே பெண்கள் குலவை போட்டார்கள். என் மாமியாரும் போட்டார். பிளாஸ்டிக் வாளியில் பணம் விழுந்தது. அண்ணன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாளியோடு நடந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சித்திரையில் கிரயம் முடிந்தது. சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார், நாங்கள் கல் நட்டோம். தெரு முனையில் தொடங்கி வாய்க்கால் கரை வரைக்கும் எங்கள் பாதை. மேட்டூர் அணை மூடியிருந்த சமயம், வாய்க்கால் வறண்டு கிடந்தது. உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அளக்க வந்தவர்கள், பார்க்க வந்தவர்கள், அண்ணன், நான், எல்லோரும் பேசிக்கொண்டே வாய்க்காலில் இறங்கி அந்தப் பக்கம் ஏறித் திடலுக்குப் போனோம். இது மட்டும் யாருடையது என்று ஒருவர் வாய்க்காலைக் காட்டிக் கேட்டார். "அது புறம்போக்கு. அதை யாரும் வாங்க வேணாம்" என்றார் சர்வேயர். நல்லதாகப் போயிற்று என்று சிரித்தோம். தண்ணீரைப் பார்த்தே நாளும் கிழமையும் சொல்கிற ஜனங்கள் நாங்கள். ஒருவருக்காவது அன்றைக்குத் தண்ணீர் ஞாபகம் வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்ப் பழகிவிட்டதால் வாய்க்காலை யாரும் ஒரு தடையாக நினைத்ததே இல்லை. வெள்ளம் வந்தால் ரோடுதான் இருக்கிறதே என்று மனதின் ஒரு மூலையில் இருந்திருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வயலெல்லாம் முழுகிவிட்டது. மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் வடியவில்லை என்று அண்ணன் நாலைந்து பேரோடு போய் இறங்கி அதை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கொடிக் குவியலுக்குள் பாம்பு இருந்திருக்கிறது. கையில் கடித்துவிட்டது. ரோட்டில் தண்ணீர் ஓடியதால் எந்த வண்டியும் வரவில்லை. கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார்கள். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அண்ணிக்கு டூட்டி. பாம்பு கடித்த யாரையோ கட்டிலில் தூக்கி வருகிறார்கள் என்று கேட்டு, விஷமுறிவு ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் இவர். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவே இல்லையாம். கூட வேலை பார்ப்பவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள்.

மறுநாள் மழை விட்டது, வெள்ளம் விடவில்லை. வாய்க்கால் கரை தளும்பப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டு வழியாகத்தான் போக வேண்டும் என்று எங்கள் ஆட்கள் ஊர்த் தெருவில் போய்க் கேட்டார்கள். அவர்கள் சத்தம்கூடப் போடவில்லை. "ஒங்களுக்குத்தான் சொந்தப் பாதை இருக்கே, பத்திரம் முடிச்சு வாங்கிட்டீங்களே. அதுல போங்க" என்றார்கள். தாசில்தார் ஆபீசுக்குப் போன் போட்டோம். அங்கேயும் அதையே சொன்னார்கள். தனிப் பாதை இருக்கும்போது பொது வழியில் பிரச்சினை எதற்கு என்று. பிடி பிடியாக அரிசி எடுத்து வைத்து வாங்கிய பாதையைத் திருப்பி எங்கள் மேலேயே எறிந்தார்கள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

எங்கள் பையன்கள் இரண்டு பேர் வாய்க்காலில் குதித்துப் பார்த்தார்கள். வெகு தூரம் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டது, மூங்கில் புதரைப் பிடித்துக் கரையேறினார்கள். பாடையை எப்படிக் கொண்டுபோவது? இன்னும் ஒரு நாள் வைத்திருக்கலாம் என்றார் ஒருவர். இந்தக் கரையிலேயே புதைத்துவிடலாம் என்றார் இன்னொருவர்.

அதற்குள் ராத்தா வந்துவிட்டார். போனில் செய்தி சொல்லியிருந்தேன். பஸ் நின்ற இடத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்திருந்தார். புர்காவுக்கு மேல் தோளில் அந்த நீலக் கயிறு. அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி அதைப் பார்த்தாள். எழுந்து கொண்டையை இறுக்கி முடிந்தாள்.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. தெரு முனையோடு சரி. அதிலும் புருஷனைப் பறிகொடுத்தவள் வாசலைத் தாண்டுவதே இல்லை. பெரியவர்கள் மறித்தார்கள். "என்னம்மா இது, வேணாம். நாங்க பாத்துக்கறோம்."

"கரைக்குக் கரை கயிறு கட்டத் தெரியுமா ஒங்களுக்கு?" என்றாள் அண்ணி. "அப்ப வழிய விடுங்க."

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டாள். நானும் ராத்தாவும் இந்தக் கரையில் பூவரச மரத்தில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்துக்கொண்டோம். தண்ணீர் வரும் திசையில் கொஞ்ச தூரம் மேலே போய் இறங்கினாள். தலை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. "அல்லா, அல்லா" என்று ராத்தா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். குழந்தை என் மாமியார் இடுப்பிலிருந்து அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. அண்ணி அந்தக் கரையில் கோரையைப் பிடித்து ஏறினாள். ஏறியதும் ஒரு நிமிஷம்கூட உட்காராமல் புளியமரத்தில் கயிற்றைக் கட்டினாள். நாங்கள் இந்தப் பக்கம் இழுத்து இறுக்கினோம்.

வளையங்களைக் கோத்து, பாடையை அந்தக் கயிற்றில் தொங்கவிட்டோம். இழுப்பதற்கு ஒரு வைக்கோல் வண்டிக் கயிற்றைப் பாடையில் கட்டினோம். நான்கைந்து ஆண்கள் அதன் மறுமுனையோடு நீலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நீந்திப் போய் அவள் பக்கத்தில் சேர்ந்தார்கள். முடிச்சுகளை நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். என் அண்ணனின் முகத்தையும் ஒரு தடவை தொட்டேன்.

எல்லாம் தயார் என்று கையைத் தூக்கினேன். அண்ணி அந்தக் கரையில் வண்டிக் கயிற்றை இடுப்பில் சுற்றி, காலை மண்ணில் ஊன்றி, குன்றின் உச்சியில் உட்காருவதைப் போலவே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் கேட்டது.

"புடிச்சிருக்கேன், வாங்க."

கரையில் அடித்துக்கொண்டிருந்த பறை நின்றது. ஆண்கள் இழுக்க ஆரம்பித்தார்கள். பாடை ஆடி ஆடி நடு வாய்க்காலைத் தாண்டிப் போனது. பூவெல்லாம் தண்ணீரில் விழுந்து ஓடியது. என் அண்ணன் ஒரு பொட்டுகூட நனையாமல் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போதுதான் நான் சத்தம் போட்டு அழுதேன்.

பிணத்தைக் கட்டிய கயிறு வீட்டுக்கு வரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு எத்தனையோ வழக்கத்தை மீறியாயிற்று, இதையும் மீறலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அண்ணி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கயிறு சிதையோடு போயிற்று. இன்னொரு கயிறு வாங்கலாம் என்று யாரும் பேசவில்லை, நாங்கள் குன்றுக்குப் போவது அத்தோடு நின்றது. வாய்க்காலுக்குக் குறுக்கே பாலம் வர இன்னும் இரண்டு தேர்தல் ஆயிற்று. திறப்பு விழாக் கல்வெட்டில் நிறையப் பெயர்கள் இருக்கின்றன. பிடி அரிசி போட்ட ஒருத்தி பெயரும் அதில் இல்லை.

போன வருடம் அண்ணியின் பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க அவளும் அண்ணியும் நானும் பஸ்ஸில் போனோம். புதுக்கோட்டையைத் தாண்டியதும் அந்தக் குன்று தெரிந்தது. வேப்பமரம் பெரிதாகியிருந்தது. பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா இதுல ஏறுனதே இல்லியாம்மா?"

"இல்ல. கூப்புட்டுக்கிட்டே இருப்பேன். வரமாட்டாங்க."

கொஞ்ச தூரம் போன பிறகு அண்ணி மறுபடியும் பேசினாள். "ஒரே ஒரு தடவைதான் நான் கூப்புட்டு வந்தாங்க."

எப்போது என்று பெண் கேட்டாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார், நான் எடுத்துக் கொடுத்தேன்.